20ஆம் தேதிக்கு முன்பே மூச்சு விடுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. நேர மேலாண்மை என்று பேச்செடுத்தாலே அதிகாலையில் எழுவதையும் கைப்பேசியைத் தள்ளி வைப்பதையும்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நான் இன்று அவற்றைத் தொடப்போவதில்லை. திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில், மாதத்தின் முதல் இருபது நாள்களில் எங்கள் தலைமேல் ஏறும் அழுத்தத்தில் எந்தப் பகுதியை நாமே இறக்கி வைக்கலாம் என்பதை மட்டும் பேசுகிறேன்.

எங்கள் தொழிலில் எந்த வேலையும் சொல்லாமல் வருவதில்லை. பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரியான டிடிஎஸ்ஸை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, ஊழியர்களின் வைப்புநிதியான பிஎஃப், மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ இரண்டுக்கும் 15, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதியோடு, வருமான வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸும் சேர்ந்துகொள்ளும். அச்சடித்துச் சுவரில் மாட்டக்கூடிய அளவுக்கு நிச்சயமான தேதிகள் இவை. அப்படியிருந்தும் 19ஆம் தேதி இரவு பல அலுவலகங்களில் பரோட்டா பொட்டலம் பிரிக்கப்படுகிறது என்றால், எல்லா வேலையையும் கடைசி நாளிலேயே கொண்டுபோய்க் குவிக்கிறோம் என்றுதான் பொருள்.

அரசாங்கமே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. எல்லோரும் ஒரே நாளில் நுழைந்து ஜிஎஸ்டி போர்ட்டல் திணறியதால், 2020 ஜனவரியில் 3பி தாக்கலின் கடைசி நாளை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்தார்கள். 5 கோடி ரூபாய்க்குக் குறைவான விற்றுமுதல் கொண்ட தமிழ்நாட்டு வணிகர்களுக்கு 22 கிடைத்தது. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு இன்றும் அந்த 22தான். சர்வருக்கே சுமையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தபோது, நமக்கு வேண்டாமா?

ஆகவே சட்டம் சொல்லும் தேதியை மறந்துவிட்டு, ஒவ்வொரு பார்ட்டிக்கும், அதாவது வாடிக்கையாளருக்கும், அலுவலகத் தேதி ஒன்றைக் கொடுங்கள். பில் அனுப்ப 10 கடைசி நாள் என்று சொன்னால், 10ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு, ஓரத்தில் கட்டைவிரல் தெரியும் மங்கலான படங்களாக வாட்ஸ்அப்பில் வந்து விழும். அவற்றில் ஜிஎஸ்டி எண் படிக்க முடியாத ஒரு பில்லுக்காக மறுநாள் காலையில் அழைத்தால், முதலாளி டையிங் யூனிட்டில் இருப்பார், போன் எடுக்கமாட்டார். அதனால் சிலருக்கு 3, சிலருக்கு 5, தாமதமாகவே அனுப்பிப் பழகியவர்களுக்கும் 7க்கு மேல் இல்லை என்று வகுத்துவிட வேண்டும். விற்பனையும் கொள்முதலும் இல்லாத நில் ரிட்டர்ன்களை மாதம் பிறந்தவுடன் எஸ்எம்எஸ் வழியாகவே முடித்துவிடலாம்.

உண்மையான நெருக்கடி 14ஆம் தேதிதான் தொடங்குகிறது. அன்றுதான் நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகிறது. நூல் விற்றவர் தன் ரிட்டர்னில் ஏற்றாத பில் அதில் வராது, வராத பில்லுக்கு அந்த மாதம் இன்புட் எடுக்க, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, முடியாது. நம் கொள்முதல் பதிவேட்டை அந்தப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடும் வேலைக்கு இடையூறில்லாத கவனம் தேவை. நடுவில் ஓர் அழைப்பு வந்தால், விட்ட வரியைத் தேடவே நேரம் போய்விடும். ஆகவே 15 முதல் 18 வரை மதியம் வரைக்கும் அலுவலகத்தில் முறைவைத்து ஒருவர் மட்டும் போன் எடுக்கட்டும், மற்றவர்கள் கணக்கு மென்பொருளான டேலியைவிட்டு எழ வேண்டாம். ரிட்டர்னை உறுதிசெய்யத் தனி உரிமையாளர்களுக்கு வரும் ஓடிபியை எந்த நேரத்தில் கேட்போம் என்பதையும் முதல் நாளே சொல்லி வையுங்கள். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே ஆறு இலக்கத்தைக் கேட்டு எழுதும் கொடுமை எல்லோருக்கும் தெரியும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனத்தில் தோன்றும் கணக்கை நான் நம்புவதில்லை. உளவியலாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாகச் சுமார் 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் பிடித்தது. அப்படிப்பட்ட மனக்கணக்கைவிட, சென்ற மாதம் அதே பார்ட்டிக்கு ஆன மணிநேரத்தை லெட்ஜரின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தால், அதுவே நம்பத்தகுந்த மதிப்பீடு.

இரவில் படுத்த பிறகும் வேலை தலைக்குள் ஓடுகிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 57 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரவிருக்கும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எழுதியது எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவாக உறக்கம் வந்தது. ஆகவே 'பாக்கி வேலை' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பார்ட்டி, எந்த பில், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

21 முதல் மாதக் கடைசி வரை சோம்பலாகக் கழிக்கும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. இரண்டு நாள் ஓய்வு எடுப்பது நியாயம்தான். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வங்கி ஸ்டேட்மென்டையும் கொள்முதல் பில்களையும் வாங்கிப் பதிந்துவிட்டால், அடுத்த 20ஆம் தேதி பாதி லேசாகிவிடும்.

இவ்வளவு செய்தும் மூச்சு முட்டினால், அந்த அலுவலகம் ஆள்பலத்துக்கு மீறிய பார்ட்டிகளை ஏற்றிருக்கிறது. அதற்கு எந்த அட்டவணையும் மருந்தாகாது. மணிநேரம் எழுதிய அந்தத் தாள்களைக் கூட்டி, ஒரு மாதத்தில் ஒருவர் எத்தனை பார்ட்டிகளைப் பார்க்க முடியும் என்ற எண்ணோடு ஆடிட்டர் சாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதையும் 21ஆம் தேதிக்குப் பிறகு காட்டுங்கள், அதற்கு முன் அவருக்கும் காது கேட்காது.