350 ரூபாய்க்கு அழுகல் வாங்கினேன்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு மாடித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டப் போவதில்லை. எரிச்சலில் இருக்கிறேன்.

இந்த மூட்டையைப் பாருங்கள். பத்துக் கிலோ, 350 ரூபாய். மேலே கொட்டை எழுத்தில் 'நன்கு மக்கிய தொழு உரம்' என்று போட்டிருக்கிறது. வாயைப் பிரித்ததும் குடலைப் புரட்டிவிட்டது. 350 ரூபாய்! அட, கூரியரைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே, அதற்கு 120 தனி. ஆக 470.

கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். வைக்கோல் வைக்கோலாகவே இருக்கிறது. சாணி விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இது மக்கவில்லை, அழுகியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

சோறு ஊசிப்போகும், மரம் உளுத்துப்போகும், பழைய துணி இற்றுப்போகும். சோறு உளுத்துப்போச்சு என்று யாராவது சொல்வோமா? அப்புறம் உரத்தில் மட்டும் ஏன் இந்தக் குழப்பம்? காற்றுப் புகாமல் ஈரம் தேங்கினால் அழுகும். அங்கே பெருகும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும், அதுதான் அந்தக் கூமுட்டை நாற்றம். மக்குவதற்குக் காற்று வேண்டும். குவியல் 55, 60 டிகிரி வரை சூடேறி, ஆறி, கறுத்துப் பொலபொலவென்று உதிர வேண்டும். முகர்ந்தால் முதல் மழை மண்வாசனை வரும். மண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் அந்த வாசனை. எனக்கு அதைவிடப் பிடித்த வாசனை வேறு இல்லை. பாடப்புத்தகத்தில் 'மட்குதல்' என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் இதேதான்.

அரைகுறையாக மக்கியதைத் தொட்டியில் போட்டால், மிச்சமிருக்கும் வைக்கோலை மக்கவைக்க நுண்ணுயிரிகள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடந்து இலை மஞ்சளாகும். உடனே நாம் பூச்சி மருந்தைத் தேடி ஓடுவோம்.

முக்கியமான சோதனையைச் சொல்லவில்லை பாருங்கள். ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி, ஜிப் கவரில் போட்டு, மூன்று நாள் மூடிவையுங்கள். திறக்கும்போது நாறினால் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, இந்த மூட்டையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. காய்ந்த வேப்பஞ்சருகு நிறையக் கலந்து, பழைய கூடையில் கொட்டி, வாராவாரம் கிளறிவிடப் போகிறேன். தென்னை நார்க்கழிவு போடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். எனக்கும் அதற்கும் ஆகாது என்று உங்களுக்கே தெரியும்.