நுரையீரலில் ஒரு வட்ட நிழல்: கட்டியா, புழுவா?

(காட்சி: மார்பு எக்ஸ்ரே. ஒரு பக்க நுரையீரலில் நாணயம் போன்ற வட்ட நிழல்.)

வணக்கம். இப்படியொரு நிழலைக் கண்டதும் மனம் புற்றுநோயைத்தான் நினைக்கும். நெடுநாள் புகைபிடித்தவர் என்றால் அந்த அச்சம் நியாயமானதும்கூட. ஆனால் அறுவை சிகிச்சையில் அகற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, புற்றணுக்களுக்குப் பதிலாக இறந்த புழுவொன்றின் குறுக்குவெட்டு தெரிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன.

அத்தகைய புழுக்களில் முக்கியமானது, நாய்களின் இதயத்தில் வாழும் டைரோஃபைலேரியா இமிட்டிஸ். கொசுக்கடி வழியாக மனித உடலுக்குள் நுழையும் அதன் இளம்புழு, இங்கே முழு வளர்ச்சி பெற முடியாமல் மடிந்து, இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, நுரையீரல் தமனியின் சிறு கிளையொன்றை அடைத்துக்கொள்கிறது. அதைச் சுற்றி உடல் எழுப்பும் அழற்சியும் நாரிழைச் சுவரும் சேர்ந்து, பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. வரை விட்டமுள்ள உருண்டையாகின்றன. பலருக்கு அறிகுறியே இருப்பதில்லை.

(காட்சி: நன்னீர் நண்டு, குடலிலிருந்து நுரையீரல் நோக்கி நகரும் அம்புக்குறி.)

நுரையீரல் தட்டைப்புழுவான பாராகோனிமஸின் வழி வேறு. நன்னீர் நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்டவரின் குடலைத் துளைத்து வெளியேறி, உதரவிதானத்தையும் கடந்து, அது நுரையீரலில் குடியேறுகிறது. துருநிறச் சளியும் நெஞ்சுவலியும் நீடிக்கும் இருமலும் தோன்றுவதால், இதைக் காசநோய் என்றும் புற்றுநோய் என்றும் கருதிவிடுவது எளிது. புற்றுநோயைத் தேடப் பயன்படும் பெட் ஸ்கேனும் இங்கே ஏமாற்றலாம். அது சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் இடங்களையே காட்டுகிறது, புற்றணுக்களைப் போலவே அழற்சி அணுக்களும் அவ்வாறு உறிஞ்சுகின்றன.

இதனால்தான் நோயாளியிடம் கேட்கும் ஓர் எளிய கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன்: பச்சை நண்டு சாப்பிட்டீர்களா? ஆம் என்றால், இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் (புழுத்தொற்றில் பெருகும் ஒருவகை வெள்ளையணுக்கள்) கூடியிருக்கின்றனவா, சளியில் புழுமுட்டைகள் உள்ளனவா என்று பார்க்கலாம். சளியில் இம்முட்டைகளை 1880-லேயே ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் மான்சன் கண்டறிந்தார். தட்டைப்புழு உறுதியானால், பெரும்பாலும் 2 அல்லது 3 நாள் பிராசிகுவாண்டல் மாத்திரையே போதும்.

டைரோஃபைலேரியாவில் இந்த வசதி இல்லை. சளியில் முட்டை வராது, இயோசினோஃபில் எண்ணிக்கையும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனவே திசுவைப் பரிசோதிக்கும்வரை மருத்துவர் அதைப் புற்றுநோயாக இருக்கக்கூடியதாகவே கருதி நடப்பது சரியான முடிவு. கட்டியை அகற்றியபின் புழுவென்று தெரியவந்தால், வேறு மருந்து எதுவும் பொதுவாகத் தேவைப்படாது.