1,300 மீட்டர் ஓடிய கப்பல்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

"மூன்றே நாள் ஸ்டாக்ஹோமில் இருந்துவிட்டு வந்து அந்த ஊரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் வாசலிலேயே மடக்கினார். நியாயமான கேள்வி. ஆகவே ஊரை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

14 தீவுகளின் மேல் பரந்து கிடக்கிற நகரம்; பாலம் ஏறி இறங்கியே கால் ஓய்ந்தது. நாங்கள் போனது ஜூன் கடைசி. இரவு சாப்பாடு முடிந்த பிறகும் ஜன்னலில் வெயில். பழைய நகரத்தில் ஒரு படிக்கட்டுச் சந்து, ஓரிடத்தில் 90 சென்டிமீட்டர்தான் அகலம். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பெரிய மனசு பண்ண வேண்டும். நோபல் விருந்து நடக்கிற மண்டபத்துக்கு 'நீலக் கூடம்' என்று பெயர். உள்ளே போனால் சுவரெல்லாம் செங்கல் சிவப்பு! கட்டியவர் நீலம் பூசத்தான் நினைத்தாராம். செங்கல் அழகாக இருக்கவே விட்டுவிட்டார். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வாசா என்றொரு ஸ்வீடன் போர்க்கப்பல். அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம். உள்ளே அரையிருட்டு. கண் பழகப் பழக, 69 மீட்டர் நீளத்தில் ஒரு மரக்கப்பல் இருட்டிலிருந்து வெளியே வருகிறது. பின்புறம் முழுக்கச் சிங்கங்களும் வீரர்களுமாகச் சிற்பங்கள். என் மனைவி அண்ணாந்து பார்த்தபடி, "இது எத்தனை போரில் ஜெயித்தது?" என்றாள்.

ஒன்றில்கூட இல்லை! 1628 ஆகஸ்ட் 10, முதல் பயணம். துறைமுகத்தைத் தாண்டவில்லை, சுமார் 1,300 மீட்டர் போனது. ஒரு காற்று அடித்தது, சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த காற்றில் திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. ஊரே கரையில் நின்று பார்க்க, மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள்.

கப்பல் மேல்பாரமாக இருப்பது முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை. 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கடற்படைத் தளபதியே பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் போர் முனையில் இருந்துகொண்டு அவசரப்படுத்துகிறார். 64 பீரங்கி, இரண்டு அடுக்கு. "அரசே, இது மிதக்காது" என்று யார் போய்ச் சொல்வது?

விசாரணை நடந்தது. கட்டியவரைக் கேட்கலாமென்றால் அவர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவரோ அரசர். அப்புறம் யாரைத் தண்டிப்பது? ஒருவரையும் தண்டிக்கவில்லை.

பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைப்பதில்லை. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து, 1961இல், கப்பலை முழுசாகத் தூக்க முடிந்தது. தூக்கியது பாதி வேலைதான். ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். மெழுகு மாதிரியான ஒரு வேதிப்பொருளைக் கரைத்து 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். மூழ்கிய கப்பலுக்கு அந்த நாடு காட்டிய பொறுமையில் கொஞ்சத்தை, மிதக்கும்போதே காட்டியிருக்கலாம்!

இன்னொன்று. கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் கிடைத்தன. சிலவற்றில் அடிக்கு 12 அங்குலம், ஸ்வீடன் கணக்கு. சிலவற்றில் 11 அங்குலம், ஆம்ஸ்டர்டாம் கணக்கு. ஒரே கப்பலுக்கு இரண்டு விதமான அடி!

திரும்பும்போது பழைய நகரத்துக்குப் படகில் வந்தோம். நல்ல கூட்டம். காற்றில் படகு லேசாகச் சாய்ந்ததும் என் மனைவி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இதில் முப்பது பேரை ஓடவிட்டுப் பார்த்திருப்பார்களா?"