கேட்காத சேனலுக்கு ஏன் காசு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தேரடியில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"இன்றைய வீட்டுக்கு ஏற்றது கேபிள் தொகுப்பா, இணையமா?" என்பது தலைப்பு. இணையத்தின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், முந்நூறு ரூபாய்க்குள் முந்நூறு சேனல் வருகிறதே என்றார். கேபிள்காரர் நம் ஊர்ப் பிள்ளை, கூப்பிட்ட குரலுக்கு வருவார் என்றார். இணையத்துக்குப் போனால் செயலிக்கு ஒரு சந்தா கட்டியே ஓட்டாண்டி ஆவீர்கள் என்றும் பயமுறுத்தினார். கைதட்டலும் வாங்கினார்.

முந்நூறு சேனல் என்றதும் எனக்கு உரக்கடைதான் நினைவுக்கு வந்தது. நட்ட பயிருக்கு மேலுரம் போட வேண்டிய நாளில் இரண்டு மூட்டை யூரியா கேட்டுப் போகிற விவசாயியிடம், "இந்த நுண்ணூட்டப் பாட்டிலையும் சேர்த்து எடுத்தால்தான் யூரியா" என்று சொல்கிற கடைகளை இந்த டெல்டாவில் அறியாதவர் இல்லை. அந்தப் பாட்டில் கெட்ட பொருள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பயிர் காத்திருக்காது என்பதால் வாங்கி வந்து கொட்டகையில் வைக்கிறார். கேபிள் தொகுப்பில் வரும் முந்நூறு சேனல்களில் பெரும்பாலானவை அப்படிக் கொட்டகையில் கிடக்கும் பாட்டில்களே.

எதிரணியினர் உடனே சட்டத்தைக் காட்டுவார்கள். வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, தொலைத்தொடர்பையும் கேபிளையும் ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் 2019 பிப்ரவரி 1 முதல் நமக்குத் தந்துவிட்டதே என்பார்கள். தந்தது உண்மை. அந்த உரிமை எங்கள் வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் கேளுங்கள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா, செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஏழு சேனல்களின் பெயர்களை எழுதி வைத்தார். செய்திக்கு இரண்டு, அம்மாவின் தொடர்களுக்கு இரண்டு, பழைய பாட்டுக்கு ஒன்று, பக்திக்கு ஒன்று, விடுமுறையில் வரும் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று. மாதப் பணம் வாங்க வந்த பையன் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டி, "ஐயா, இதுல மூணு பேக்கேஜ் இருக்கு, எது வேணும்னு சொல்லுங்க. தனித்தனியா எடுத்தா இதவிட ஜாஸ்தி வரும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

கணக்கைப் பாருங்கள், நடுவர் அவர்களே. ஒரு சேனலைத் தொகுப்புக்குள் சேர்க்க வேண்டுமானால் அதன் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். மக்கள் விரும்பிப் பார்க்கும் பெரிய சேனல்கள் பலவும் சரியாக அந்த 19 ரூபாயில் வந்து நின்றன. அப்படி நான்கு சேனல் எடுத்தால் 76 ரூபாய். அதற்கு முன்பாக, கட்டணச் சேனல் ஒன்றுகூட வேண்டாம் என்றாலும், கம்பி வழியே சிக்னல் வருவதற்காக 130 ரூபாயும் அதன் மேல் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு அப்போது கட்ட வேண்டியிருந்தது. அந்த 76 ரூபாய்க்கும் அதே வரியைச் சேர்த்து எல்லாம் கூட்டினால் 243 ரூபாய் 8 காசு. நாம் பார்த்த சேனலுக்கு வரியோடு 90 ரூபாய்கூட ஆகவில்லை. மீதியெல்லாம் வாய்க்கால் வாடகை. தனியாக வாங்கினால் சுமை, மொத்தமாக வாங்கினால் சலுகை என்று விலையை அமைத்துவிட்டால், தேர்வு செய்யும் உரிமை காகிதத்தில் இருந்துகொண்டே இருக்கும், அதை எடுத்துப் பயன்படுத்த எவரும் வரமாட்டார். அந்த 130 ரூபாய்க்கு முதலில் 100 சேனல் என்றிருந்ததை, 2020இல் 200 சேனல் என்று திருத்தினார்கள். அப்பா கேட்டது ஏழு. இன்னும் நூறு தருகிறோம் என்றால் அவருக்கு அதில் என்ன குறைந்தது?

சரி, இணையம் என்ன தருகிறது? சினிமாவையும் கிரிக்கெட்டையும் மற்ற பேச்சாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். நெல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

குறுவை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடக்கும் ஐப்பசி மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். எடை போட நம் முறை வருவது நாளைக்கா, நாளை மறுநாளா என்று தெரியாது. வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் இறங்கலாம். சாலையோரம் நெல்லைக் கொட்டிவிட்டு தார்ப்பாயோடு நிற்கிற மனிதனுக்கு அந்த இரவில் ஒரே ஒரு கேள்விதான்: விடிவதற்குள் மழை வருமா, வராதா? கேபிளில் உள்ள அத்தனை செய்திச் சேனல்களும் அவனுக்குச் சொல்வது, "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு" என்ற ஒற்றை வரி. அந்த ஓரிரு இடத்தில் தன் குவியல் இருக்கிறதா என்று அவன் யாரிடம் கேட்பான்? அதே நேரத்தில் யூடியூபில் வானிலை ஆர்வலர் ஒருவர் ரேடார் படத்தை விரித்து வைத்து, மேகம் கோடியக்கரைப் பக்கமிருந்து ஏறுகிறது, முத்துப்பேட்டைக்கு மழை உண்டு, மன்னார்குடிக்கு விடிகாலையில்தான் என்று நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சில நாள் தப்பும். தப்பினால் அந்தக் காணொளிக்கு அடியிலேயே நம் ஆட்கள் அவரைக் கேள்வி கேட்கிறார்கள், அவரும் பதில் சொல்கிறார். இதற்குச் சந்தா கிடையாது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே, சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். முந்நூறு சேனல் கொண்ட தொகுப்பில் இந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லையே!

கேபிள்காரர் நம் ஊர்ப் பிள்ளை என்றார் நண்பர். மறுக்கவில்லை. கஜா புயலில் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தபோது அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த நாள்களில் மின்சாரமே இல்லை, செல்போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. புயலைக் காட்டி யாரும் யாரையும் வெல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காக அவரே விலை வைக்காத தொகுப்பை நான் ஏன் சுமக்க வேண்டும்? இன்று பல ஊர்களில் அவரே ஃபைபர் கம்பி இழுத்து இணைய இணைப்பும் கொடுக்கிறார். அவருக்குரிய பணத்தை அதற்குக் கொடுப்போம்.

அடுத்தது சந்தா. செயலிகள் பெருகிவிட்டன, 2024 ஜூலையில் செல்போன் கட்டணமும் ஏறியது, நாளுக்கு 2 ஜிபி என்பது வீட்டுப் பெரிய திரையில் மாலை முழுவதும் ஓட்டினால் போதாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ரீசார்ஜுடன் கேட்காத செயலிகளைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையும் தொடங்கிவிட்டது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செல்போன் ரீசார்ஜைக் கேபிள் வைத்திருக்கிறவரும் கட்டுகிறார். ஒரு செயலி பிடிக்கவில்லை என்றால் மாதச் சந்தாவை அந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம். கேபிள் நிறுவனத்தை மாற்றிப் பாருங்கள்: பழைய செட்டாப் பாக்ஸ் பரணுக்குப் போகும், புதியதற்கு மறுபடியும் பணம். எந்தப் பாக்ஸும் எந்த இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்று 2020இல் டிராயே பரிந்துரைத்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பாக்ஸை நான் இன்னும் பார்க்கவில்லை.

வயதானவர்களுக்கு இணையம் வராது என்பதும் ஒரு வாதமாக வந்தது. இந்தக் கரையோர ஊர்களின் வயதானவர்களைப் பற்றியா இப்படிச் சொல்கிறீர்கள்? 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கூடத்திலிருந்து "தெரியுது, தெரியுது, அப்படியே விடு" என்று கத்த, கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்துப் பார்த்தவர்கள் இவர்கள்தாம். அதற்கு மாத வாடகை கொடுத்தவர் எவருமில்லை. எங்கள் அப்பா இப்போது செல்போனில் பேசித் தேடுகிறார், எழுத்துதான் தட்டுவதில்லை. பொதிகையாக இருந்து டிடி தமிழாக மாறிய சேனலை அதிலேயே பார்க்கிறார். போன பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடித்ததைச் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும் அவரும் ஒரே நேரத்தில் பார்த்து, தேர் எந்த முனையில் திரும்புகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவர் எழுந்து பதில் சொல்லும்போது, தம் வீட்டுக்கு வரும் முந்நூறு சேனல்களில் சென்ற வாரம் பார்த்த பத்துச் சேனல்களின் பெயரைச் சொல்லித் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.