புயல் ஊருக்குப் போகிற லைன்மேன்கள்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம கொங்குப் பக்கம் புயல் கரையைக் கடக்காது, கடலே இல்லையே. ஆனால் 2011-ல் 'தானே' புயல், 2016-ல் வர்தா, 2018-ல் கஜா என்று எது அடித்தாலும் கோயம்புத்தூர், ஈரோடு, உடுமலை, கோபி என்று எல்லாப் பக்கமிருந்தும் மின்வாரிய ஆட்கள் கயிறு, கடப்பாரை, கைவிளக்கு சகிதம் வண்டியேறிப் போகிறார்கள். நான் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சங்கத்திலும் இருந்தவன், அதனால் என் பேச்சு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தால் அதையும் கணக்கில் வைத்துக் கேளுங்கள்.

"சங்கம் வலுவா இருந்தா வெளியூர் ஆளை வேலை செய்ய விடமாட்டாங்க" என்று டீக்கடையில் சொல்வார்கள். இந்தப் பேச்சு இங்கே மட்டும் இல்லை. 2012 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சாண்டி புயல் அடித்து 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டுபோனபோது, அலபாமா மாநிலத்து டிகேட்டர் நகர மின் நிறுவனம் ஒரு குழுவை நியூ ஜெர்சிக்கு அனுப்பியது, அவர்கள் சங்கத்தில் சேராதவர்கள். சங்கத்துக்காரர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி பரவி ஊரே கொதித்தது. கடைசியில் பார்த்தால் அந்தக் குழு நியூ ஜெர்சிக்குப் போகவே இல்லை. வழியில் வர்ஜீனியாவில் நின்றிருந்தபோது வந்த தாள்களில் சங்கத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்பதுபோல் இருந்ததாம், விளக்கம் கேட்டுக் காத்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை என்று மின் தொழிலாளர் சங்கமும் சொன்னது. அந்தப் புயலுக்கு நாடு முழுவதிலும் கனடாவிலிருந்தும் 60,000 பேருக்கு மேல் வந்து வேலை செய்தார்கள், அதில் சங்கத்தில் இருக்கிறவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு, அதைப் பற்றி யாரும் கொதிக்கவில்லை.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். யாருடைய ஆள், என்ன கூலி, அடிபட்டால் யார் பொறுப்பு என்ற தாளைப் புயல் அடித்த பிறகு பாதி வழியில் நீட்டினால் எந்தக் குழுவும் மிரண்டுதான் போகும். அதெல்லாம் வெயில் காலத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, வெளியூர் ஆள் போய் இறங்கிவிட்டார் என்று வையுங்கள். அங்கே லைன் எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து வருகிறது, லைனைத் துண்டிக்கிற எந்த ஏபி சுவிட்சை இறக்கினால் எந்த லைனில் கரண்ட் நின்றுபோகும், எந்தத் தோட்டத்துக்குள் கம்பி குறுக்கே போகிறது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர் ஒயர்மேன் கூட நடந்தால்தான் உண்டு. எல்சி, அதாவது லைனில் கரண்ட் நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம் என்கிற அனுமதி, வாங்க வேண்டும், கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்ட வேண்டும். அதைவிட ஆபத்து, வீடுகளில் ஓடுகிற ஜெனரேட்டர். மெயினை அணைக்காமல் ஒருத்தர் ஜெனரேட்டரைப் போட்டால் அந்தக் கரண்ட் வீட்டு லைன் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய், இறங்கி வந்த வழியே தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மேலே நிற்கும், சப்ளை நிறுத்தியாச்சு என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிற ஆளுக்கு அது தெரியாது. ரிட்டர்ன் சப்ளை என்று எங்கள் ஆட்கள் பயப்படுவது இதற்குத்தான். எல்சி இல்லாமல் ஏறமாட்டேன் என்று சங்கம் நின்றால் பிடிவாதம் என்கிறார்கள், இருட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான், ஆனாலும் ஏறுகிறவன் உயிர் அவனுடையது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது. நம்ம ஆட்களுக்குப் பாறையில் குழி தோண்டிப் பழக்கம். அங்கே வயல் சேற்றில் குழி எடுத்தால் எடுக்க எடுக்கத் தண்ணீர் ஊறிச் சரிகிறது, கிரேன் வரப்பில் இறங்காது, சிமெண்ட் கம்பத்தைத் தோளில் சுமந்து போய் நட்டார்கள். ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள், வீடு இழந்து நின்றவர்களே போட்டார்கள், அதை மறக்க முடியாது. வேலை செய்யும்போது உயிர் விட்டவர்களும் உண்டு.

வழக்கமான உதவி ஏற்பாட்டை ஓரங்கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவுக்குச் சொந்தமான போர்ட்டோ ரிக்கோ தீவைப் பார்க்கலாம். 2017-ல் மரியா புயல் அந்தத் தீவின் மின்சாரத்தை மொத்தமாக அடித்துப்போட்டபோது, அமெரிக்க மாநிலங்களின் மின் நிறுவனங்களை அந்த ஏற்பாட்டில் உடனே கூப்பிடாமல், புயல் வந்த சமயத்தில் முழுநேர ஊழியர் இரண்டே பேர் இருந்த, மொன்டானா மாநிலத்துக் கம்பெனி ஒன்றுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள்! உள்ளூர் மின் தொழிலாளர் சங்கம் கத்தியது, பத்திரிகைகளும் கத்தின, அப்புறம் ரத்து செய்தார்கள். எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்து சேர ஒரு வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

சங்கத்தைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்னேன், ஒரு குறையையும் சொல்ல வேண்டும். புயல் வேலைக்குப் போகிறவர்களில் ஒப்பந்த ஊழியர்கள் நிறைய. நிரந்தர ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு வாரிசு வேலை கேட்கலாம், ஒப்பந்த ஊழியர் விழுந்தால் அவர் எந்தக் கணக்கிலும் இல்லை என்று கையை விரிக்க இடமிருக்கிறது. 2021-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேங்மேன்களை வேலைக்கு எடுத்தார்கள், குழி தோண்டவும் கம்பம் நடவும். அவர்களில் பலர் சொந்த மாவட்டத்துக்கு மாற்றுங்கள், கள உதவியாளராக்குங்கள் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கிற வேகத்தில் பாதியாவது இவர்களுக்காகவும் காட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. அதற்குள் மின்வாரியத்தின் ஒவ்வொரு வட்டார அலுவலகத்திலும் சங்கங்களை உட்காரவைத்து ஒரு பட்டியல் போட வேண்டும்: புயலுக்கு யார் போகிறார்கள், அங்கே எந்த ஒயர்மேன் கூட வருவார், தங்குவது எங்கே, கையுறையும் எர்த் ராடும் யார் தருவது. வண்டியேறுகிற ஒப்பந்த ஊழியரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அதில் அதிகாரி கையெழுத்து வேண்டும், ஒரு நகல் அவர் வீட்டிலும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு ஆள் யாராவது இந்த வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த நகலைக் கேட்டு வாங்குங்க. வணக்கம்.