நிறுத்தின மாத்திரையைத் திரும்பப் போடலாமா? உதடு வீங்கினவங்க முதல்ல இதைப் பாருங்க

வணக்கம். தென்னாப்பிரிக்காவுல சாட்ஸ்வொர்த்தோ, ஃபீனிக்ஸோ, டோங்காட்டோ, எங்கேர்ந்து பார்த்தாலும் வீட்டு மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வந்து உட்காருங்க. பிரஷர் மாத்திரை பேரு 'ப்ரில்'னு முடியுதா? எனாலாப்ரில், பெரிண்டோப்ரில்?

இதால வறட்டு இருமல் வந்தா தொல்லைதான், ஆபத்து இல்ல. டாக்டர் வேற மாத்திரை மாத்துவார், பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்துல இருமல் அடங்கிடும். உதடோ நாக்கோ வீங்கியிருந்தா மட்டும், 'ப்ரில்' குடும்பத்துல எதையும் இனிமே தொடவே கூடாது, பாதி மாத்திரைகூட. அடுத்த தடவை மூச்சுக்குழாயே அடைச்சுக்கலாம். பல வருஷம் சும்மா இருந்துட்டுத் திடீர்னும் வீங்கும், அதனால "ரொம்ப நாளா போடுறேனே, இதா இருக்காது"ன்னு நினைக்காதீங்க. இப்பவே வீக்கம் இருக்கா? வீடியோவை விட்டுட்டு ஆம்புலன்ஸுக்கு, 10177-க்கு அடிங்க.

அடுத்தது கொலஸ்ட்ரால் மாத்திரை, ஸ்டாட்டின். "கால் கடுக்குது"ன்னு விட்டவங்க நிறைய. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி வருது: லண்டன்ல நடந்து 2020-ல வெளியான 'சாம்சன்'. ஸ்டாட்டின் ஒத்துக்காம விட்ட 60 பேர். ஆளுக்கு 12 பாட்டில், மாசத்துக்கு ஒண்ணு. நாலுல அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். நாலுல மருந்தே இல்லாத மாத்திரை. நாலு காலி. தினமும் உபாதைக்கு 100-க்கு மார்க் போடணும். காலி பாட்டில் மாசம் சராசரி 8. மருந்து மாசம் 16.3. மருந்தே இல்லாத மாத்திரைக்கு? 15.4! வலி பொய்யில்லைங்க, நிஜமாவே வலிச்சது. ஆனா பெரும்பங்கு மருந்தால இல்ல, மாத்திரை போடுறோங்கிற பயத்தால. முடிவைப் பார்த்துட்டுப் பாதிப் பேர் திரும்ப ஆரம்பிச்சாங்க.

அதுக்காக நாளைக்கே நீங்களா எடுத்துப் போட்டுடாதீங்க. முதல்ல சி.கே. ரத்தப் பரிசோதனை, தசை பாதிச்சிருக்கான்னு காட்டுறது. அந்த அளவு இயல்பான உச்ச வரம்பைவிட 10 மடங்கைத் தாண்டினாலோ, சிறுநீர் கறுத்த டீ மாதிரி போனாலோ உடனே ஆஸ்பத்திரி. அப்படி இல்லேன்னா டாக்டர் 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்ப்பார். வலி போகலையா, தைராய்டையும் பார்க்கணும். கூடவே அம்லோடிபின்ங்கிற பிரஷர் மாத்திரை போடுறீங்களா? அது ரத்தத்துல சிம்வாஸ்டாட்டின்ங்கிற ஸ்டாட்டினோட அளவை ஏத்தும். அதோட சேர்த்துப் போட்டா சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லயே சொல்லிடுச்சு. இந்த ஜோடியைத்தான் பலர் கவனிக்கிறதே இல்ல. பிறகு குறைஞ்ச அளவுல, இல்ல வேற ஸ்டாட்டின்ல ஆரம்பிக்கலாம்.

கிளினிக் அட்டையில வெறும் "அலர்ஜி"ன்னு எழுத விடாதீங்க. "எனாலாப்ரில், உதடு வீக்கம்"னு தேதியோட எழுதச் சொல்லுங்க. டப்பாவுல 'ப்ரில்' இருந்தவங்க, எத்தனை வருஷமா போடுறீங்கன்னு கீழே சொல்லுங்க.