கனடாவுக்கு எத்தனை மணித்தியாலம்?

வணக்கம் நேயர்களே.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் போன கோடையில் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போனார். போவதற்கு முன் ரிக்கற்றைக் கொண்டுவந்து காட்டினார். கொழும்புக்குக் கிட்ட இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மாலை 6.30க்கு ஏறி, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்கு இறங்க வேண்டும். "15 மணித்தியாலந்தானே மாஸ்ரர், சமாளிச்சுப்போடுவன்" என்றார்.

ரிக்கற்றில் போடுவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், மாரியில் பத்தரை. அந்தக் கோடை ஒன்பதரையையும் கூட்டினால் இருபத்துநாலரை. டுபாய்க்கு நாலரை, அங்கே ஆறு மணித்தியாலக் காத்திருப்பு, பிறகு ஒரே இழுவையாகப் பதினாலு. அக்காவின் முகம் கொஞ்சம் மாறித்தான் போனது.

சரி, தூரம் எவ்வளவு? யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறத்தாழ 13,700 கிலோமீட்டர். அந்த நேர்கோடு எந்தப் பக்கத்தால் போகிறது என்பதுதான் வேடிக்கை. சுவரில் தொங்கும் உலகப்படத்தில் பார்த்தால் அரபு நாடுகள், அத்திலாந்திக் கடல் என்று மேற்கே போவதாகத் தெரியும். ஒரு தோடம்பழத்தை எடுத்து நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நாங்கள் இருப்பது கிழக்கே 80 பாகையில். ரொறன்ரோ மேற்கே 79 பாகை தாண்டி. பூமியின் மறுபக்கம் என்றே சொல்லலாம். ஆகவே நூல் வடக்கே ஏறுகிறது. இந்தியா, நடு ஆசியா, ரஷ்யா, நோர்வேயின் வட கோடி, கிரீன்லாந்தின் பனி. அதற்குப் பிறகுதான் கனடா. படம் தட்டை, பூமி உருண்டை, அவ்வளவுதான் விஷயம்.

மணிக்கு 900 கிலோமீட்டர் ஓடும் விமானம் அந்த நூல் வழியே போனால் பதினைந்தேகால் மணித்தியாலம். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறக்கிறார்கள். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்குத்தான் அப்படியொரு நேரடி விமானம் இல்லை.

இன்னொரு கணக்கும் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று மணித்தியாலம் முன்னதாகக் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வான் வண்டியில் ரோட்டால் போக எட்டு மணித்தியாலம் வையுங்கள். அப்படியென்றால் காலை ஏழரைக்கே படலையைத் தாண்ட வேண்டும். வீட்டிலிருந்து ரொறன்ரோ மண் மட்டும் மொத்தம் முப்பத்தைந்தரை மணித்தியாலம். அதில் பதினொன்று, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, இந்தத் தீவை விட்டுக் கிளம்பவே போய்விடுகிறது! தூரத்தில் அது 400 கிலோமீட்டர் கூட இல்லை. யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியிலிருந்து சென்னைக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். சின்ன விமானம் ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் கொண்டுபோய் விடுகிறது. 2019இல் அந்தச் சேவை தொடங்கியபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பி வரும்போது கொஞ்சம் சுகம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், ரொறன்ரோ – டுபாய்ப் பறப்பில் ஒரு மணித்தியாலம் அளவு மிச்சம் பிடிக்கலாம்.

அக்கா சொன்ன நேரத்துக்கே போய் இறங்கினார். அங்கே காலை ஒன்பதரை, இங்கே இரவு ஏழு மணி. பத்து நிமிடத்தில் கோல் வந்தது: "மாஸ்ரர், கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. உங்கட கணக்கு சரி."

நன்றி, வணக்கம்.